பாரிஸில் ஒரே ஒரு மாலை: கார்னியேவா, பாஸ்டிலா?

பாரிஸ் போகும் நண்பர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் மாறுவதே இல்லை. "நாலு நாள்தான் இருப்போம். ஒரு மாலையை ஓபராவுக்கு ஒதுக்கியாச்சு. டிக்கெட் எடுக்கப் போனால் இரண்டு கட்டடம் காட்டுது. எதை எடுக்கிறது?" இதைக் கேட்டுவிட்டு, இரண்டாவது நிமிடமே இன்னொன்றும் கேட்பார்கள்: "பகலிலேயே டிக்கெட் வாங்கிக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கலாமாமே. அது போதாதா?"

குழம்புவதில் தப்பில்லை. பிரான்சின் தேசிய ஓபரா நிறுவனம் ஒன்று, அதற்கு அரங்கம் இரண்டு. 1669இல் பதினான்காம் லூயி காலத்தில் தொடங்கிய நிறுவனம் அது. அடுத்த 200 ஆண்டுகள் வீடு மாறி வீடு மாறிக் கடைசியில் பதின்மூன்றாவதாகக் குடிபுகுந்த வீடுதான் 1875இல் திறந்த கார்னியே மாளிகை. பிறகு 1989இல் பாஸ்டில் சதுக்கத்தில் இன்னொன்றைக் கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் பாஸ்டில் சிறை என்று படித்தோமே, அதே பாஸ்டில்தான். அந்த ஊர்க்காரர்கள் பஸ்தீய் என்பார்கள். புதியது வந்ததும் பழையதை மூடிவிடவில்லை. ஒரே வாத்தியக் குழுவும் ஒரே கோரஸும் இரண்டு அரங்குகளிலும் மாறி மாறி வேலை செய்கின்றன.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். கார்னியே, வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதற்காகக் கட்டியது. பாஸ்டில், மேடையைப் பார்ப்பதற்காகக் கட்டியது. டிக்கெட் எடுத்து ஏமாந்தவர்களில் பெரும்பாலானோர் இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு போனவர்கள்தான்.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதல் கேள்வி, நீங்கள் பார்க்க விரும்புவது கட்டடத்தையா, மேடையையா? "இரண்டும்தான்" என்று எல்லோருமே சொல்வார்கள். ஆனால் ஒரே டிக்கெட்டில் இரண்டும் முழுதாகக் கிடைப்பது அபூர்வம்.

இரண்டாவது, உங்கள் நாற்காலியிலிருந்து என்ன தெரியும், என்ன கேட்கும்? ஓபரா என்பது மைக் இல்லாமல் பாடும் இசை நாடகம். எவ்வளவு தூரத்தில் உட்கார்கிறோம், எந்தக் கோணத்தில் உட்கார்கிறோம் என்பது சினிமாத் தியேட்டரில் இருப்பதைவிட இங்கே பல மடங்கு முக்கியம்.

மூன்றாவது, அன்றைக்கு என்ன நிகழ்ச்சி? ஓபராவா, பாலே நடனமா? இடைவேளை உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. ஏன் கேட்க வேண்டும் என்று பின்னால் சொல்கிறேன்.

நான்காவது, கைக்காசு. டிக்கெட்டில் அச்சடித்த விலை முழுச் செலவும் ஆகாது.

ஐந்தாவது உடம்பு. விமானத்தில் வந்து இறங்கிய மறுநாள் மாலை ஏழரைக்கு இருட்டில் நாலு மணி நேரம் உட்கார முடியுமா? கூட வரும் அம்மாவின் முழங்கால் எப்படி? குழந்தை எப்படி?

## கார்னியே, பகலில்: கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பது

இந்தக் கட்டடத்தின் கதை ஒரு குண்டுவீச்சில் ஆரம்பிக்கிறது. 1858 ஜனவரி 14 இரவு. லெ பெலத்தியே தெருவில் இருந்த பழைய ஓபரா அரங்குக்கு மூன்றாம் நெப்போலியனும் அரசியும் வந்து இறங்கும் நேரம், ஓர்சீனி என்ற இத்தாலியரும் அவருடைய கூட்டாளிகளும் அரச வண்டியைக் குறிவைத்துக் குண்டு எறிந்தார்கள். அரச தம்பதி தப்பிவிட்டது. தெருவில் நின்றவர்களில் பலர் செத்தார்கள். காயம்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். நெரிசலான தெருவில் இனி அரங்கம் வேண்டாம், நாலாபக்கமும் அகலமான வீதி ஓடும் இடத்தில் தனியாக நிற்கும் கட்டடம் வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் உறுதிப்பட்டது. 1860 கடைசியில் போட்டி அறிவித்தார்கள். சுமார் 170 வரைபடங்கள் வந்தன. முதல் சுற்றில் ஐந்தாம் இடத்தில் இருந்த ஷார்ல் கார்னியே, இறுதிச் சுற்றில் வென்றார். அப்போது அவருக்கு 35 வயது. பெரிதாக யாருக்கும் தெரியாத பெயர்.

அந்தக் குண்டின் நினைவு இன்றும் கட்டடத்தில் இருக்கிறது. மேற்குப் பக்கம் போய்ப் பாருங்கள். வளைந்து ஏறும் ஒரு சாய்தளம் உண்டு. அரசரின் வண்டி தெருவில் நிற்காமல் நேராக வாசல்வரை ஏறிவரும்படி போட்டது. ஆனால் அரசர் ஏறிவரவே இல்லை. 1870 போரில் பேரரசு கவிழ்ந்தது, 1873இல் இங்கிலாந்தில் அவர் இறந்தும் போனார். அரசருக்கென்று ஒதுக்கிய அந்தப் பகுதியில் செதுக்கி முடிக்காமல் விட்ட கற்கள் அப்படியே இருக்கின்றன. ஓபராவின் நூலகமும் அருங்காட்சியகமும் இப்போது அங்கேதான். 1873 அக்டோபரில் பழைய அரங்கம் தீப்பிடித்து அழிந்தபோது, வந்திருந்த குடியரசுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. பாதியில் நின்ற அரச மாளிகையை அவசர அவசரமாக முடித்து 1875 ஜனவரி 5 அன்று திறந்தார்கள். அந்தத் திறப்பு விழாவுக்கே கார்னியே தன் காசில் டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது என்று சொல்வார்கள்.

கட்டும்போது இன்னொரு தொல்லை தண்ணீர். அஸ்திவாரம் தோண்டியதும் ஊற்று பொங்கிவிட்டது. நீராவிப் பம்புகளை மாதக்கணக்கில் இரவு பகலாக ஓட்டிப் பார்த்தார்கள். வெளியே இருக்கும் நீர் சுவரை உள்ளே தள்ளுகிறதா, சரி, உள்ளேயும் நீரை நிரப்பிவிடுவோம் என்று மேடைக்கு அடியில் ஒரு பெரும் தொட்டியைக் கட்டினார் கார்னியே. உள்ளிருக்கும் நீர் வெளியழுத்தத்தைத் தாங்கியது. தீப்பிடித்தால் அணைக்கவும் ஆயிற்று. பின்னாளில் பேய்க்கதை எழுதியவர்கள் இதை நிலத்தடி ஏரியாக்கிப் படகும் விட்டார்கள். பாரிஸ் தீயணைப்பு வீரர்கள் முக்குளித்துப் பயிற்சி எடுக்கும் தொட்டி அது. சாதாரணப் பார்வையாளர் டிக்கெட்டில் அந்தப் பக்கம் விடமாட்டார்கள். "ஏரியைக் காட்டுங்கள்" என்று கேட்டு ஏமாறாதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் பிரமாண்டப் படிக்கட்டு. சுமார் 30 மீட்டர் உயரமுள்ள கூடத்தின் நடுவே வெள்ளைப் பளிங்கில் ஏறி, நடுவில் இரண்டாகப் பிரிந்து போகிறது. கைப்பிடிகள் சிவப்பும் பச்சையுமான கற்கள். கூடத்தைச் சுற்றிலும் அடுக்கடுக்காக மாடங்கள். எதற்கு இத்தனை மாடங்கள்? படியேறி வருபவர்களைப் பார்க்கத்தான். பட்டுக் கவுன் தரையில் புரள ஒருத்தி படியேறுவதையும், மாடத்தில் சாய்ந்து நாலு பேர் அவளைப் பற்றிப் பேசுவதையும் கற்பனை செய்து பாருங்கள். கார்னியேவின் முதல் மேடை இதுதான். உள்ளே திரை தூக்கும் மேடைக்கு அடுத்த இடம்தான். கட்டடம் சுமார் 11,000 சதுர மீட்டரில் பரந்திருக்கிறது, நாற்காலிகளோ ஏறக்குறைய 2,000 மட்டுமே. மீதி இடமெல்லாம் மேடையின் பின்புறமும், நடக்க, நிற்க, பார்க்க, பார்க்கப்பட என்று விட்ட இடமும்.

மாடியில் 54 மீட்டர் நீளமும் 18 மீட்டர் உயரமும் உள்ள பெருங்கூடம். விதானம் முழுக்கப் போல் போத்ரியின் ஓவியங்கள், எதிரெதிராகக் கண்ணாடிகள், எங்கு பார்த்தாலும் தங்கம். இங்கே ஒரு தந்திரம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தங்க முலாம் பூசவில்லை. வெளிச்சம் படும் மேடுகளுக்கு மட்டும் தங்கம். பள்ளங்களுக்கு மஞ்சள் வண்ணம். சிக்கனமாகவும் ஆயிற்று, தூரத்திலிருந்து பார்த்தால் முழுத் தங்கம்போலவும் ஆயிற்று. நம்மூர் நகைக்கடைக்காரர் ஒருவர் பார்த்தால் சிரித்துக்கொண்டே பாராட்டுவார்.

அரங்கின் கூரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1964இல் அமைச்சர் அந்திரே மல்ரோ கேட்டுக்கொண்டதன்பேரில் 77 வயது மார்க் ஷகால் வரைந்தது. சிவப்பு வெல்வெட்டும் தங்கமும் நிறைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு அரங்கின் உச்சியில் நீலம், பச்சை, மஞ்சள் என்று மிதக்கும் உருவங்கள். அன்றைக்கு நிறையப் பேர் கொதித்தார்கள். பழைய ஓவியத்தை அழிக்கவில்லை. அது ஷகாலின் ஓவியத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. எனக்கு இந்தப் பொருந்தாமை பிடிக்கும். கழுத்தைப் பின்னால் சாய்த்து ஐந்து நிமிடம் பார்த்தால் உங்களுக்கும் பிடிக்கலாம். நடுவே தொங்கும் சரவிளக்கு ஏழு டன்னுக்கு மேல். 1896இல் அதன் எதிர்ப்பாரம் ஒன்று விழுந்து பார்வையாளராக வந்திருந்த பெண் ஒருவர் இறந்தார். பேய்க்கதைக்கு அதுவும் தீனி.

இதில் மறைந்திருக்கும் செலவு: பகல் டிக்கெட் அரங்கின் உள்ளே விடுவதாக உத்தரவாதம் தருவதில்லை. ஒத்திகையோ மேடை வேலையோ நடந்தால் அரங்கை மூடிவிடுவார்கள். ஷகாலைப் பார்க்கவே போனவருக்கு ஷகால் கிடைக்காது. என்றைக்கு, எத்தனை மணிக்கு அரங்கம் மூடியிருக்கும் என்பதை ஓபராவின் வலைத்தளத்தில் முன்கூட்டியே போடுகிறார்கள். நாளைத் தேர்ந்தெடுக்கும்முன் அதைப் பாருங்கள். பகலாட்டம் இருக்கும் நாட்களில் சீக்கிரமே மூடிவிடுவார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எப்போது இது சரி: குழந்தைகளோடு வருபவர்கள், இருட்டில் உட்கார்ந்தால் தூங்கிவிடுபவர்கள், புகைப்படப் பிரியர்கள், கட்டடக்கலை மாணவர்கள். ஒன்றரை மணி நேரம் போதும். இன்னும் ஒரு யோசனை. முடித்தபின் பின்பக்கம் இருக்கும் கலெரி லஃபாயெத் கடையின் மொட்டை மாடிக்கு ஏறுங்கள், காசில்லை. கூரைமேல் யாழைத் தூக்கிப் பிடித்து நிற்கும் அப்பல்லோவின் முதுகு அங்கிருந்து தெரியும்.

## கார்னியே, மாலையில்: நிகழ்ச்சி பார்ப்பது

அரங்கம் குதிரை லாட வடிவம். தரைத்தளத்தைச் சுற்றிப் பக்கவாட்டில் அடுக்கடுக்காகப் பெட்டிகள், அதாவது சில நாற்காலிகள் மட்டும் போட்டுத் தடுத்த சிறு அறைகள். பெட்டியின் முன் வரிசையில் உட்கார்ந்தவருக்கு எதிர்ப்பக்கப் பெட்டியில் யார் வந்திருக்கிறார்கள் என்பது மிகத் தெளிவாகத் தெரியும். மேடை பாதி தெரியும். பின்வரிசைக்காரருக்கு முன்வரிசைக்காரரின் தலை தெரியும். அன்றைய சந்தாதாரர்களுக்கு இது குறையாகவே படவில்லை. அவர்கள் வந்ததே வேறு காரியத்துக்கு. மேடைக்குப் பின்னால் நடனக்காரிகளின் கூடத்துக்கே போய்வர அவர்களுக்கு உரிமை இருந்தது. ஓவியர் தெகா வரைந்த பாலேப் படங்களின் ஓரத்தில் கறுப்புத் தொப்பியோடு நிற்பார்களே, அந்த ஆட்கள்.

நீங்கள் வருவது மேடையைப் பார்க்க என்றால், கார்னியேவில் நேர்முகமாக இருக்கும் இருக்கைகளை மட்டும் எடுங்கள்: தரைத்தளம், அதன் பின்னால் உயர்ந்திருக்கும் பகுதி, நடுப் பால்கனி, மேடைக்கு நேரெதிரே உள்ள பெட்டிகளின் முன்வரிசை. விலை ஏறும். ஆனால் கிடைப்பது பெரிது. பாஸ்டிலைவிட 700 இருக்கைகளுக்கு மேல் குறைவு என்பதால் குரல் பக்கத்தில் கேட்கிறது, நடனக்காரரின் முகம் தெரிகிறது. மொசார்ட்டும் அவருக்கு முந்தைய காலத்து ஓபராக்களும் இந்த அளவுக்கே பொருந்தும். மற்ற நாட்களில் இங்கே பெரும்பாலும் பாலே.

சரி, இடைவேளை விஷயத்துக்கு வருகிறேன். கார்னியேவைப் பகலில் பார்ப்பவருக்குக் கிடைப்பது கட்டடத்தின் கல். மாலையில் இடைவேளை மணி அடித்ததும் 2,000 பேர் ஒரே நேரத்தில் வெளியே வந்து படிக்கட்டில் இறங்கி, மாடங்களில் சாய்ந்து, பெருங்கூடத்தில் கையில் கோப்பையோடு நடக்கும் அந்த இருபது முப்பது நிமிடத்தில்தான் கட்டடம் வேலை செய்கிறது. விளக்குகள் எரியும், கண்ணாடிக்குள் கண்ணாடியாகக் கூட்டம் பெருகும். கார்னியே வரைந்தது இந்தக் காட்சியைத்தான்.

அதனால் சொந்த அனுபவத்தில் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன். கட்டடம்தான் ஆசை என்றால், பாதி மேடை மறைக்கும் மலிவான பக்கவாட்டு டிக்கெட் ஒன்றை, குறைவான பார்வை என்று தெரிந்தே எடுங்கள். இடைவேளைக்குத்தான் காசு கொடுக்கிறேன் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். மேடையில் பார்த்தது போனஸ். ஆனால் டிக்கெட் எடுக்கும்முன் அந்த நிகழ்ச்சிக்கு இடைவேளை உண்டா என்று கட்டாயம் பாருங்கள். நவீன பாலேக்கள் சில இடைவேளையே இல்லாமல் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்படி ஒன்றில் மாட்டினால் மேடையும் பாதி, மாளிகையும் பாதி.

மறைந்திருக்கும் செலவு: பெட்டியின் பின்பகுதியில் உட்கார்ந்தால் மேடைக்கு மேலே ஓடும் மொழிபெயர்ப்பு வரிகள் தெரியாமல் போகலாம். பாலேவுக்குப் பரவாயில்லை, ஓபராவுக்கு அது கதையையே இழப்பது. பழைய நாற்காலிகள், கால் நீட்ட இடம் குறைவு. ஆறடிக்காரர்கள் யோசிக்க.

## பாஸ்டில், மாலையில்: நிகழ்ச்சி பார்ப்பது

கார்னியே போட்டியில் அரசர் கேட்டது மாளிகை. 1982இல் அதிபர் மித்தரான் கேட்டது நவீனமான, எல்லோருக்குமான ஓபரா. 1969இல் மூடிய பழைய பாஸ்டில் ரயில் நிலையத்தை இடித்து இடம் கொடுத்தார்கள். இந்த முறை 700க்கும் மேற்பட்ட திட்டங்கள், பெயர் மறைத்து நடத்திய போட்டி. வென்றவர் கார்லோஸ் ஓட், உருகுவேயில் பிறந்து கனடாவில் வேலை செய்தவர், முப்பதுகளின் பிற்பாதியில் இருந்தார். நடுவர்கள் இது புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ரிச்சர்ட் மையருடைய வேலை என்று நினைத்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்றொரு வதந்தி இன்றும் ஓய்ந்தபாடில்லை.

பிரெஞ்சுப் புரட்சியின் 200ஆம் ஆண்டுக்குத் தயாராக வேண்டும் என்ற அவசரத்தில் கட்டினார்கள். 1989 ஜூலை 13 அன்று உலகத் தலைவர்கள் முன்னிலையில் விழா நடத்தித் திறந்தார்கள். ஆனால் முதல் முழு ஓபரா மேடையேறியது 1990 மார்ச்சில்தான். திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே இசை இயக்குநர் டேனியல் பேரன்பாயிமை நீக்கிவிட்டு, இளைஞரான மியுங்-வுன் சுங்கைக் கொண்டுவந்தது தனிக் கூத்து. திறந்து சில ஆண்டுகளிலேயே முகப்புக் கற்கள் பெயர ஆரம்பித்தன. பாதசாரிகள் தலையில் விழாதிருக்க வலை கட்டினார்கள். அந்த வலை பல வருடம் அங்கேயே தொங்கிற்று. வெளியிலிருந்து பார்த்தால் இன்றும் பெரிய ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

உள்ளே போனால் கதை வேறு. 2,700க்கும் அதிகமான இருக்கைகள், எல்லாமே ஒரே மாதிரி நாற்காலி. பெட்டி கிடையாது, அரசருக்கு ஒன்று, ஆண்டிக்கு ஒன்று என்று கிடையாது. எந்த நாற்காலியும் மேடையை நோக்கியே திரும்பியிருக்கிறது. சுவரில் சாம்பல் நிறக் கருங்கல், பேரி மரப் பலகை, மேலே கண்ணாடிக் கூரை. கண்ணைப் பறிக்க எதுவுமில்லை. விளக்கு அணைந்ததும் மேடை மட்டுமே மிஞ்சும்.

இந்தக் கட்டடத்தின் உண்மையான அதிசயம் நமக்குத் தெரியாத பக்கம் இருக்கிறது. முதன்மை மேடையைச் சுற்றிப் பக்கத்திலும் பின்னாலும் அதே அளவில் வேறு மேடைகள். கீழ்த்தளத்துக்கு இறங்கி ஏறும் மேடை வேறு. ஒரு நாடகத்தின் முழு அரங்கப் பொருளையும் கலைக்காமல் அப்படியே உருட்டி ஓரத்தில் நிறுத்திவிட்டு, மறுநாள் வேறொன்றை உருட்டிக் கொண்டுவரலாம். இன்று வெர்டியின் ஓபரா, நாளை வாக்னரின் ஓபரா, மறுநாள் மீண்டும் வெர்டி. கார்னியேவில் இது நடக்காது. அங்கே மேடை முன்பக்கம் சாய்ந்தது, பக்கத்தில் இடமும் இல்லை. அரங்கப் பொருள், உடை எல்லாம் செய்யும் பட்டறைகளும் பாஸ்டில் கட்டடத்துக்குள்ளேயே. கட்டடத்தின் பெரும்பகுதி பார்வையாளர் கால்படாத இந்தத் தொழிற்சாலைதான். நூறு பேர் கோரஸும் குதிரையும் கோட்டையும் வேண்டும் ஓபராக்கள் இங்கே வருவதற்குக் காரணம் இதுவே. பெரிய பாலேக்கள் சிலவும் இங்கேதான்.

முதல்முறை ஓபரா பார்க்கும் ஒருவரை நான் இங்கேதான் அனுப்புவேன். இருக்கை எதுவானாலும் மேடை தெரியும். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வரிகள் மேலே ஓடும். கதை புரிந்துவிட்டால் மொழி தடையில்லை.

மறைந்திருக்கும் செலவு: தூரம். இரண்டாம் பால்கனியின் கடைசி வரிசையில் பாடகர் விரற்கடை உயரம்தான். இவ்வளவு பெரிய கூடத்தில் சில குரல்கள் கரைந்துபோகும். நடுவிலை டிக்கெட்டுக்கும் கீழே போகாதீர்கள் என்பேன். மேல்விலை டிக்கெட் 200 யூரோவைத் தாண்டும், அதற்கும் அவசியமில்லை. முதல் பால்கனியின் நடுப்பகுதி கிடைத்தால் விடாதீர்கள். அப்புறம் நேரம். ஓபரா பெரும்பாலும் மூன்று மணி நேரத்தை ஒட்டி வரும், வாக்னர் என்றால் ஐந்து வரை போகலாம். இந்தக் கட்டடத்தின் இடைவேளையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், சாண்ட்விச் சாப்பிடலாம்.

## மூன்றாவதாக ஒன்று

இரண்டுக்கும் நடுவே ஃபவார் அரங்கம் எனப்படும் ஓபரா கொமிக் இருக்கிறது. தனி நிறுவனம், அதுவும் தேசிய அரங்கமே. 1887இல் எரிவாயு விளக்கிலிருந்து தீப்பிடித்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த இடத்தில் 1898இல் மறுபடி கட்டியது. சுமார் 1,200 இருக்கைகள், கார்னியேவின் தங்கை போன்ற அழகு. நிகழ்ச்சிகள் குறைவு. உங்கள் தேதியில் ஏதாவது இருந்தால் அதிர்ஷ்டம், யோசிக்காமல் எடுங்கள். பெரும்பாலும் இருக்காது.

## ஒரே பார்வையில்

| | கார்னியே பகல் | கார்னியே மாலை | பாஸ்டில் மாலை |
|---|---|---|---|
| திறந்த ஆண்டு | 1875 | 1875 | 1989 |
| இருக்கைகள் | – | சுமார் 2,000 | 2,700க்கு மேல் |
| கட்டடம் | நிதானமாகப் பார்க்கலாம் | இடைவேளையில் உயிரோடு பார்க்கலாம் | வெளியே சுமார், உள்ளே எளிமை |
| மேடை தெரிவது | இல்லை | இருக்கையைப் பொறுத்து நன்று அல்லது மோசம் | எங்கிருந்தும் தெரியும், தூரம்தான் |
| பெரும்பாலும் என்ன | – | பாலே, சிறிய ஓபரா | பெரிய ஓபரா, பெரிய பாலே |
| முக்கிய ஆபத்து | அரங்கம் மூடியிருக்கலாம் | பக்கவாட்டுப் பெட்டி, இடைவேளை இல்லாத நிகழ்ச்சி | கடைசி வரிசை, நீளம் |
| ஆகும் நேரம் | 1½ மணி | 2 முதல் 3½ மணி | 3 முதல் 5 மணி |

## எல்லா டிக்கெட்டுக்கும் பொதுவான சில சிக்கல்கள்

ஆகஸ்டில் போகிறீர்களா? நிகழ்ச்சியே கிடையாது. பருவம் செப்டம்பரில் தொடங்கி ஜூலை நடுவில் முடிகிறது. ஆகஸ்டில் கார்னியே பகல் ஒன்றுதான் வழி.

வேலைநிறுத்தம். இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓபரா ஊழியர்களின் ஓய்வூதியத் திட்டம் 1698இலிருந்து வருவது. நடனக்காரர்களுக்கு 42 வயதில் ஓய்வு. அதில் அரசு கைவைக்க வந்தபோது 2019 டிசம்பரில் நிகழ்ச்சிகள் வரிசையாக ரத்தாயின. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நடனப் பெண்கள் கார்னியேவின் வெளிப்படியில், குளிரில், தெருவில் போகிறவர்களுக்காக ஆடினார்கள். ரத்தானால் டிக்கெட் பணம் திரும்பிவிடும்; அந்த மாலை திரும்பாது. ஆகவே ஊரில் கடைசி இரவில் டிக்கெட் போடாதீர்கள்.

தாமதமாகப் போனால் கதவு திறக்காது. இடைவேளை வரை வெளியே நின்று திரையில் பார்க்க வேண்டியதுதான். பெரிய பெட்டி படுக்கையோடு விமான நிலையத்திலிருந்து நேராக வராதீர்கள், உள்ளே விடமாட்டார்கள். கோட்டு சூட்டு கட்டாயமில்லை. பட்டுப்புடவைக்குக் கார்னியே படிக்கட்டைவிடப் பொருத்தமான இடம் பாரிஸில் இல்லை என்பது என் சொந்த அபிப்பிராயம்; கொசுவம் தடுக்காமல் பார்த்து ஏறுங்கள். உங்களோடு 28 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கென்று மலிவு விலையில் முன்னோட்ட மாலைகள் நடத்துகிறார்கள். அந்தத் தேதி ஒத்துவருகிறதா என்று முதலில் பாருங்கள்.

## கடைசியில் நான் என்ன சொல்வேன்?

ஒரு பகலும் ஒரு மாலையும் ஒதுக்க முடிந்தால் பகலில் கார்னியே, மாலையில் பாஸ்டில். மெட்ரோ 8ஆம் லைன் இரண்டையும் நேராக இணைக்கிறது, நடுவில் வண்டி மாற வேண்டியதில்லை.

ஒரு மாலை மட்டுமே, இசையில் ஆர்வம் உண்டு என்றால் பாஸ்டில். ஒரு மாலை மட்டுமே, இசை பற்றி அவ்வளவு அக்கறை இல்லை, ஆனால் அந்த மாளிகையில் ஒரு இரவு இருந்துவிட வேண்டும் என்றால் கார்னியேவில் இடைவேளை உள்ள பாலே, கைக்கு எட்டும் விலையில். திருமண நாள், செலவைப் பற்றிக் கவலை இல்லை என்றால் கார்னியேவில் நேர்முகப் பெட்டியின் முன்வரிசை. அன்றைக்கு என்ன நடந்தாலும் சரி. அம்மா அப்பாவை அழைத்துப் போகிறீர்கள், இருவருக்கும் எட்டு மணிக்குத் தூக்கம் வந்துவிடும் என்றால் பகல் கார்னியேவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2027 கோடைக்குப் பிறகு போகிறவர்களுக்கு இந்தக் கணக்கே மாறும். கார்னியேவின் மேடையைப் புதுப்பிக்கச் சுமார் இரண்டு ஆண்டுகள் நிகழ்ச்சிகளை நிறுத்தப்போவதாகவும், அது முடிந்தபின் 2030 வாக்கில் பாஸ்டிலின் முறை என்றும் அறிவித்திருக்கிறார்கள். தேதிகள் தள்ளிப்போகலாம், வலைத்தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கார்னியேவில் இடைவேளை பார்க்க ஆசையிருந்தால் அதற்குமுன் போய்விடுவது நல்லது.

தங்குமிடம் உறவினர் வீடு என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. பாரிஸில் நம்மவர்களுக்குச் சித்தப்பாவோ மாமாவோ இருப்பது பெரும்பாலும் வடக்கே. லாகூர்நெவ் பக்கம் என்றால் 7ஆம் லைன் நேராகக் கார்னியே வாசலில் இறக்கிவிடும். பொபினி என்றால் 5ஆம் லைன் நேராக பாஸ்டில். லாச்சப்பலில் தங்கினால் கார் துய் நோர்வரை நடந்து அதே 5ஆம் லைனைப் பிடிக்கலாம். வாக்னர் முடிந்து வெளியே வரும்போது நள்ளிரவை நெருங்கியிருக்கும். வாரநாட்களில் கடைசி மெட்ரோ எத்தனை மணிக்கு என்று போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.